கொளத்தூரில் உவர்நீர் மீன்: சின்னத் தொட்டிக்கு எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

சென்னையில் இரண்டரையடித் தொட்டி வைத்து உவர்நீர் மீன் (நன்னீருக்கும் கடல்நீருக்கும் நடுவிலான உப்பில், ஆங்கிலத்தில் பிராக்கிஷ் என்கிற தண்ணீரில் வாழும் மீன்) வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு கொளத்தூர் வண்ண மீன் சந்தையைத்தான் நான் சொல்வேன். அங்கே கிடைக்கும் மீனின் தரத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். மீனோடு சேர்த்துக் கொடுக்கும் தகவலுக்குப் பாதிதான் தர முடியும். எந்த மீனை எதோடு விடலாம், எவ்வளவு பெரிதாகும், எவ்வளவு உப்பு வேண்டும் என்ற மூன்று கேள்விக்கும் சரியான பதில் தெரிந்த கடைகள் குறைவு. நல்ல மீனை வாங்கிப் போய்த் தப்பான கூட்டத்தில் விட்டு இழந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நிறைய இருக்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். வீடு பெரம்பூர். தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. காலையில் ஆர்ஓ தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதிக்காமல் எங்கள் யூனிட்டில் முதல் நோயாளிக்கு மெஷினைப் போட மாட்டோம். அந்தப் பழக்கத்தோடு ஒரு மீன் கடைக்குள் நுழைந்தால் தொட்டியைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பற்றித்தான் கேட்கத் தோன்றுகிறது. கடைக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள்தான், ஆனால் அந்தக் கேள்வியிலேயே கடையின் தரம் தெரிந்துவிடும்.

கொளத்தூரைப் பார்த்திராதவர்களுக்கு: வடசென்னையில் இருக்கும் சாதாரணக் குடியிருப்புப் பகுதி. ஆனால் தெருவுக்குத் தெரு மீன் கடை. மொத்த வியாபாரம், சில்லறை, தொட்டி ஒட்டுகிறவர்கள், மோட்டார், மணல், கல், உணவு என்று எல்லாம் நடக்கிற தூரத்தில். செங்குன்றம், பொன்னேரிப் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து கப்பி, மோலி, பிளாட்டி, ஏஞ்சல் எல்லாம் ஆக்சிஜன் அடைத்த பைகளில் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த நன்னீர் மீன்களுக்கு நடுவில்தான் உவர்நீர் மீன்களும் உட்கார்ந்திருக்கும். தனிப் பலகை கிடையாது. பெரும்பாலும் ஒரு மூலையில் ஸ்காட், மோனோ, ஆர்ச்சர், பச்சைப் பேத்தை, கோடு போட்ட கீச்சான் எல்லாம் அடுத்தடுத்த தொட்டிகளில் இருக்கும். கேட்டால் ஒரே பதில்தான்: “எல்லாமே பிராக்கிஷ்தான் மேடம், ஒண்ணா விடலாம்.”

ஒன்றாக விடக் கூடாது. அதுவும் 80 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் தொட்டியில் கூடவே கூடாது.

கடையில் ஐம்பது பைசா நாணயம் அளவுக்கு இருக்கும் ஸ்காட்டின் புள்ளிகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அது வளர்ந்தால் ஓரடிக்குப் போகும். வெள்ளித் தட்டாகப் பளபளக்கும் மோனோ 25 சென்டிமீட்டர் வரை வளரும், அதுவும் கூட்டமாக இல்லாவிட்டால் பயந்து மூலையில் ஒதுங்கிவிடும். இரண்டுமே வளர வளர உப்பை அதிகமாகக் கேட்கும், பெரியதான பிறகு கிட்டத்தட்ட கடல்நீரே வேண்டும். ஆர்ச்சர் வாயால் தண்ணீர் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்துகிற அழகுக்காக வாங்குகிறோம். அதற்குத் தண்ணீருக்கு மேலே வெற்றிடம் வேண்டும், பெரிய மூடி போட்ட தொட்டி வேண்டும், இரண்டரையடியில் இரண்டுமே கிடையாது. கீச்சானைப் பற்றிக் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நம் கழிமுகங்களில் குஞ்சுகளாகத் திரியும் அதே மீன்தான் கடையில் டார்கெட் ஃபிஷ் என்று கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. சின்ன வயதில் மற்ற மீன்களின் செதில்களைக் கடித்துத் தின்பது அதன் இயற்கை. எந்தக் கடையிலும் இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

பேத்தையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஒரு மீன் மாதிரியே நடந்துகொள்ளாது. கண்ணை உருட்டி உருட்டி நம்மைப் பார்க்கும், விரலைத் தொடர்ந்து வரும், பழகிவிடும். நிஜமாகவே அன்பு வைக்கத் தோன்றும் மீன். ஆனால் அதன் பல் நிற்காமல் வளரும் பல். நத்தை ஓட்டைக் கடித்து உடைத்தால்தான் தேயும். பக்கத்தில் நீந்துகிறவர்களின் துடுப்பையும் விட்டுவைக்காது. என் நாத்தனார் மகன் ஒரு கடையில் பச்சைப் பேத்தை, மோலி, மோனோ மூன்றையும் ஒரே நாளில் வாங்கி வந்தான். கடைக்காரர் உறுதியாகச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். ஒரு வாரத்துக்குள் மோலிகளின் வால் விளிம்பெல்லாம் அரைவட்ட அரைவட்டமாகக் காணாமல் போயிருந்தது. கடித்த இடத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. அந்தப் பிள்ளை போன் செய்து, “அத்த, பேத்தைய என்ன பண்றது?” என்று கேட்டபோது அதற்கு மட்டும் தனித் தொட்டி வைக்கச் சொன்னேன். பச்சைப் பேத்தை 15 சென்டிமீட்டர் வளரும், அதற்கும் கடைசியில் கடல்நீர் அளவு உப்பு தேவைப்படும். பேத்தை வேண்டுமென்றால் பேத்தை மட்டுமே என்று முடிவு செய்துகொண்டு கடைக்குப் போங்கள்.

சரி, அப்புறம் எதைத்தான் வாங்குவது?

ஆரஞ்சு குரோமைட். எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழும் மீன் இது. இந்தியாவின் சொந்த சிக்லிட் குடும்ப மீன்கள் மொத்தமே மூன்று, அவற்றில் இதுவும் ஒன்று. கேரளம் 2010-இல் மாநில மீனாக அறிவித்த கறிமீன் இதன் பெரிய உறவுக்காரர். கறிமீன் சாப்பாட்டுத் தட்டை நிறைக்கும் அளவுக்கு வளரும். இது அதிகம் போனால் எட்டு சென்டிமீட்டர். உலகம் முழுக்க உவர்நீர்த் தொட்டிக்காரர்கள் தேடித் தேடி வாங்கும் மீன் நம் உப்பங்கழிகளில் நீந்திக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு ஓரடி வளரும் ஸ்காட்டைச் சின்னத் தொட்டியில் அடைப்பதைப் பார்த்தால் மனது வலிக்கிறது.

நான் வாங்கியது பிரதான சாலையை விட்டு உள்ளே போகும் சந்தில், ஒரு கணவனும் மனைவியும் நடத்தும் சின்னக் கடையில். பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப் போயிருக்கும். உள்ளே மூன்றடுக்கு இரும்பு ஸ்டாண்ட், அதில் கீழ் வரிசையில் ஓரத்துத் தொட்டி குரோமைட்டுக்கு. அந்தத் தொட்டியின் அடியில் கடற்கரைக் கிளிஞ்சல் தூள் கலந்த மணல். கண்ணாடியின் மேல் விளிம்பில், தண்ணீர் தெறித்துக் காய்ந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. அந்த உப்புக் கோட்டைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நன்னீரில் வைத்துவிட்டு உவர்நீர் மீன் என்று விற்கும் தொட்டியில் அது இருக்காது. நீங்களும் குனிந்து அதைப் பாருங்கள்.

“அண்ணா, இதுல உப்பு எவ்ளோ போடுறீங்க?” என்று கேட்டேன். “மூணு பாயிண்ட்ல ஓடுதும்மா. உங்க வீட்ல எவ்ளோன்னு சொல்லுங்க, ரெண்டு நாள் முன்னாடி சொன்னா அதுக்கு ஏத்தி வெச்சித் தரேன்” என்றார். அவர் சொன்ன மூன்று பாயிண்ட் என்பது ஒப்படர்த்தி 1.003, அதாவது உப்பு கரைந்த தண்ணீர் வெறும் தண்ணீரைவிட எவ்வளவு கனம் என்ற கணக்கு. என் தொட்டி 1.005. சொன்னபடியே ஏற்றி வைத்துக் கொடுத்தார். கொளத்தூரில் இப்படி ஒரு சேவையை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

ஆறு மீன் கேட்டேன். அவர் மனைவிதான் வலை போட்டுப் பிடித்தார். வயிறு ஒட்டியது, வாயோரம் அடிபட்டது என்று இரண்டைத் தானாகவே திருப்பி விட்டுவிட்டு வேறு பிடித்துக் கொடுத்தார். எல்லாமே மஞ்சளும் ஆரஞ்சுமாக இருந்தாலும் பக்கவாட்டில் கருப்புப் புள்ளி தெளிவாக இருக்கிற ஒன்றிரண்டை நான் கேட்டு வாங்கினேன். பண்ணையில் தேர்ந்தெடுத்து வளர்த்த முழு ஆரஞ்சு வகையைவிட அந்தப் புள்ளி வைத்த இயல்பு நிறம்தான் எனக்குப் பிடிக்கும். ஆறில் ஒரு ஜோடி தானாகச் சேர்ந்துவிடும். ஜோடி சேர்ந்த பிறகு மற்றவற்றை அவர்கள் மூலைக்குத் தள்ளத் தொடங்குவார்கள். அப்போது மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள், பாதி விலையாவது வரும். வாங்கும்போதே இதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

என் ஜோடி, கவிழ்த்து வைத்த மண்சட்டியின் உள்பக்கத்தில் முட்டையிட்டது. ஒவ்வொரு முட்டையும் சின்னக் காம்பில் தொங்கும். தாயும் தகப்பனும் மாறி மாறிப் பக்கத்தில் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் நடப்பதுதான் அற்புதம். கூட்டமாக வந்து பெற்றோரின் விலாவில் மெதுவாகக் கொத்தும். அந்த உடம்பின் மேலிருக்கும் வழவழப்பைத்தான் தின்கின்றன. பெற்றோர் அசையாமல் காட்டிக்கொண்டு நிற்கும். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கமே வருவதில்லை. இதே இன மீன்கள் பெரிய கறிமீனின் உடம்பிலிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்திச் சுத்தம் செய்வதைப் பற்றி 1972-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அதே குரோமைட் கறிமீனின் முட்டையையும் தின்னும் என்பதும் பதிவாகியிருக்கிறது. கடையில் கறிமீன் குஞ்சும் கிடைக்கிறதே, சேர்த்து விடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், நாலடிக்குக் குறைந்த தொட்டியில் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கறிமீன் வளர்ப்பில் ஆர்வம் இருந்தால் நம் ஊரிலேயே 1987 முதல் இயங்கும் மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு நிறுவனம் இருக்கிறது. முட்டுக்காட்டில் அவர்களுக்கு ஆய்வுப் பண்ணையும் உண்டு. குளத்தில் வளர்க்கிற விஷயம் அது.

குரோமைட்டோடு சேரும் துணை என்றால் எனக்கு முதலில் மோலி. எந்தக் கடையிலும் கிடைக்கும், உப்பை விரும்பும், கண்ணாடியில் படியும் பாசியை மேய்ந்துவிடும். நன்னீரில் வெளுத்து, ஆடி ஆடி நீந்தும் மோலி, உப்பு ஏறியதும் நிமிர்ந்துகொள்வதை நானே பார்த்திருக்கிறேன். குட்டி போட்டால் குரோமைட் தின்றுவிடும், அதற்குத் தயாராக இருங்கள். பலூன் மோலி என்று முதுகெலும்பை வளைத்து உருண்டையாக்கி வளர்த்ததை மட்டும் வாங்காதீர்கள். அவற்றால் வேகமாகத் திரும்பக்கூட முடியாது.

அடித்தளத்துக்கு உளுவை வகையில் நைட் கோபி (knight goby). உடம்பெல்லாம் கருப்புப் பொட்டு வைத்த, எட்டு சென்டிமீட்டர் அளவுள்ள மீன், இதுவும் நம் இந்திய, இலங்கைக் கரைகளைச் சேர்ந்ததுதான். ஒரு கல், ஒரு சட்டி ஓடு கொடுத்தால் அதற்கடியில் குடியிருக்கும். குரோமைட் மிரட்டினால் வாயைத் திறந்து காட்டிவிட்டு அங்கேயே நிற்கும், அதற்கு மேல் சண்டை போகாது. கடையில் எப்போதும் இருக்காது, சொல்லி வைத்தால் வரும். கருப்பு மஞ்சள் வரி போட்ட பம்பிள்பீ கோபியும் சில கடைகளில் வருகிறது. அது மூன்று நான்கு சென்டிமீட்டர்தான், நைட் கோபி இருக்கும் தொட்டியில் விட்டால் இரையாகிவிடும். உலர் தீவனத்தையும் அநேகமாகத் தொடாது, ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர்ப் பொடி இறால், சின்னப் புழு மாதிரி அசையும் உணவு தினமும் வேண்டும். அவற்றை வளர்க்க ஆசையென்றால் ஓரடி, ஒன்றரையடித் தொட்டியில் ஏழெட்டு பம்பிள்பீ மட்டும் வைத்துப் பாருங்கள். என் தொட்டியில் ஒரு ஜோடி குரோமைட், நான்கு மோலி, இரண்டு நைட் கோபி. 80 லிட்டருக்கு இதற்கு மேல் வேண்டாம் என்பது என் முடிவு.

கண்ணாடி மீனைப் பற்றிக் கோபத்தோடு ஒரு வார்த்தை. உடம்புக்குள் முள்ளெலும்பு தெரியும் அந்த மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி, பச்சை, ரோஸ், நீலம் என்று விற்கிறார்கள். ஊசி போடுவது என் அன்றாட வேலை. விரல் நகம் அளவு உடம்பில் அதை எப்படிச் செய்வார்கள் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. சாயம் நாளடைவில் மங்கிவிடும், மீன் அதற்கு முன்பே நோயில் விழுந்துவிடுவதும் உண்டு. சாய மீன் விற்கிற கடையில் நான் மணல்கூட வாங்குவதில்லை. சந்துக் கடை அண்ணனிடம் இருக்கும் கண்ணாடி மீன் கடவுள் கொடுத்த நிறத்தில்தான் இருக்கிறது.

இனி உப்பு. கொளத்தூர் எனக்கு அதிக ஏமாற்றம் கொடுத்தது இதில்தான். பெரும்பாலான கடைகளில் “மீன் உப்பு” என்று கொடுப்பது வெறும் கல் உப்பு. நோய்க்கு மருந்தாக அது சரி. உவர்நீர் என்பது சோடியம் குளோரைடு மட்டும் கரைந்த தண்ணீர் கிடையாது. நாங்கள் டயாலிசிஸுக்குக் கலக்கும் கரைசலிலும் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் கணக்காக இருந்தால்தான் நோயாளியின் உடம்பு ஏற்கும், மீனுக்கும் அப்படித்தான். கடல் மீன் தொட்டிகளுக்கு விற்கும் செயற்கைக் கடல் உப்பைக் கேட்டு வாங்குங்கள். அதில் இவை எல்லாம் இருக்கும், தண்ணீரின் பிஎச் (pH) அளவும் எட்டை ஒட்டி நிலையாக நிற்கும். 1.005 வேண்டுமென்றால் லிட்டருக்குச் சுமார் ஏழு கிராம், என் தொட்டிக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதனால் செலவு பயமுறுத்தும் அளவுக்கு ஆகாது. ஒரு கடையில் பெரிய வாளியைப் பிரித்துக் கிலோ கிலோவாகப் பையில் கட்டி வைத்திருந்ததை வாங்கினேன். வீட்டில் பிரித்தால் ஈரம் ஏறிக் கல்லாக இறுகியிருந்தது, கரைத்தால் தண்ணீர் பால் மாதிரி கலங்கியது. அதை அப்படியே ஓரம் கட்டிவிட்டேன். சீல் பிரிக்காத பாக்கெட்டைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள்.

உப்பை அளக்கிற கருவியிலும் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீரில் மிதக்கவிட்டு ஒப்படர்த்தி பார்க்கும் கண்ணாடி ஹைட்ரோமீட்டர்கள் பலவும் 25 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. சென்னையில் தொட்டித் தண்ணீர் வருடத்தில் பாதி நாள் 30 டிகிரியில் இருக்கும். சூடான தண்ணீரில் அது ஒன்றரைப் பாயிண்ட் (0.0015) அளவுக்குக் குறைத்துக் காட்டும். கடல் தொட்டிக்கு இது சின்ன வித்தியாசம். 1.005-இல், அதாவது ஐந்து பாயிண்டில் நிற்கும் நமக்கு அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. குறைவாகக் காட்டுகிறதே என்று உப்பைக் கொட்டிக்கொண்டே போவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீரில் ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கிற, வெப்பத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டரை ஒரு சொட்டு விட்டு முதலில் பூஜ்ஜியத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கொளத்தூரில் இரண்டு மூன்று பெரிய கடைகளில் கிடைக்கிறது. பிளாஸ்டிக் பெட்டியில் முள் ஆடும் ஹைட்ரோமீட்டரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், முள்ளில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும்.

ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாகாது. மெட்ரோ தண்ணீராக இருந்தால் குளோரினை நீக்கிவிட்டு ஊற்றுங்கள். இதைச் சந்துக் கடை அம்மாவே எனக்கு முன்னால் வேறொரு வாடிக்கையாளருக்கு இரண்டு முறை திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

விலையைப் பற்றி: சின்ன அளவு குரோமைட் ஜோடி 200 ரூபாய்க்குள் முடிந்தது, பெரிய சாலைக் கடைகளில் கொஞ்சம் கூடுதல். மோலி மலிவு. நைட் கோபி வருகிற வரத்தைப் பொறுத்து. பேரம் பேசலாம், ஆனால் உப்பு ஏற்றி வைத்துக் கொடுக்கிறவரிடம் எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லை. பேக்கிங் எல்லாக் கடைகளிலும் நன்றாகவே செய்கிறார்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், மூலையில் மீன் மாட்டாதபடி இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட். வெளியூர்க்காரர்கள் பேருந்தில் தாராளமாகக் கொண்டு போகலாம்.

குறைகள் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எந்தக் கடையிலும் நின்று பேச முடியாது, வண்டி நிறுத்த இடம் கிடையாது, சில கடைகளில் செத்த மீனை எடுக்காமலேயே விட்டிருப்பார்கள். அப்படி ஒரு தொட்டியைப் பார்த்தால் அந்த வரிசையிலேயே எதையும் வாங்காதீர்கள், பல கடைகளில் ஒரே வலையை எல்லாத் தொட்டியிலும் போடுகிறார்கள்.

வார நாளில், பதினோரு மணி வாக்கில் போங்கள். புதுப் பைகள் வந்து இறங்கி மீன்கள் நிதானப்பட்டிருக்கும், கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும். உங்கள் தொட்டியின் நீள அகலத்தையும் உப்பின் அளவையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, “இந்த அளவுக்கு ஸ்காட் வேணாம்மா” என்று சொல்கிற கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.